மார்ஜரின் பெட்டிக்குள் குடியிருந்தவர்

போன சனிக்கிழமை காலையில் மடக்குக் கதிரைகள் எடுப்பதற்காகப் பின்வளவுக் கொட்டிலுக்குள் போனேன். மகளுக்குக் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். பின்னேரம் குழந்தை பார்க்கச் சனம் வரும். வருகிறவர்களை நிற்க வைத்துக் கதைக்க முடியாதே. கதிரைகளை இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு மார்ஜரின் பெட்டி சறுக்கி வந்து என் சப்பாத்தில் முட்டியது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி, மூடி இல்லை. ஒரு பக்கத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய அரைவட்டம். வெட்டிய விளிம்பு உடம்பைக் கீறிவிடக் கூடாது என்று மெழுகுதிரியில் காட்டி மழுக்கியதும் அப்படியே தெரிந்தது. அதைக் கையில் எடுத்த பிறகு கதிரை எடுக்க வந்த நினைப்பே போய்விட்டது. பழைய பெயின்ற் வாளி ஒன்றின்மேல் இருந்துவிட்டேன்.

பிள்ளைகளே, அந்த அரைவட்டம் ஒரு வாசல். அந்தப் பெட்டிக்குள் ஒருவர் குடியிருந்தார். அவரைப் பற்றிச் சொல்வதானால், அவரைக் காப்பாற்றிய பெரியம்மாவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பெரியம்மா என் மனைவியின் மூத்த சகோதரி. முறைக்கு எனக்கு மச்சாள். ஆனால் என் மகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் பெரியம்மாவாகிவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புலம்பெயர்ந்து ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தார். வெளிச்சமான முன்னறையை அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். அவரோ வேண்டாமென்று சொல்லி, மாடியில் கட்டில் ஒன்று மட்டும் அடங்குகிற சின்ன அறையை எடுத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரமம் தரக் கூடாது என்று நினைக்கிறார் போலும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிறகு அருகிலிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த வேலை அவருக்கென்றே செய்து வைத்ததுபோல. ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும் அவர் கரண்டியோடு எதிரே வந்து நின்று ஒரு பார்வை பார்த்தால், கரட்டைத் தொடாத பிள்ளையும் கரட்டைத் தின்னும். வீட்டிலும் அப்படித்தான். காஸ் மீற்றர் பார்க்க வந்தவரைக்கூட ரொட்டி தின்ன வைக்காமல் அவர் வெளியே விட்டதில்லை.

அவர் கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தது, எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சீவன்தான். அது ஒரு பாம்பு.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தபால்காரர் இருந்தார், வெள்ளைக்காரர். காலை வேலை முடிந்து மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் ஒரு சோளப்பாம்பு வளர்த்தார். அமெரிக்காப் பக்கத்துச் சாது இனம், நஞ்சு கிடையாது. பழுத்த தோடம்பழத் தோலின் செம்மஞ்சள் நிறத்தில், சிவந்த திட்டுகளோடு, என் சுண்டுவிரல் தடிப்பில் இருக்கும். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுச் சொல்கிற அளவுக்கு அமைதியான பிள்ளை. அவள் பள்ளிக்கூடம் விட்டதும் தபால்காரர் வீட்டுக்குப் போய், அந்தப் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, அன்று நடந்ததையெல்லாம் அதற்குச் சொல்வாள். எங்களுக்குச் சொல்லாததையும் அதற்குச் சொன்னாள். தபால்காரருக்கு ஸ்கொட்லாந்துக்கு மாற்றம் வந்தபோது, “நீ வைத்துக்கொள்கிறாயா?” என்று அவளைத்தான் கேட்டார். அவள் எங்களைக் கேட்டாள். அவள் எங்களிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டதே அபூர்வம். மாட்டேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் தபால்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். வீடு மாறினால் சில பாம்புகள் சாப்பாட்டை விட்டுவிடுமாம். தன்னுடைய கூட்டாளி ஒருவர் மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து பார்ப்பார், அதுவரைக்கும் அது சாப்பிடாவிட்டால், அதன் நன்மைக்காக அவர் கொண்டுபோய்விடுவார் என்றார். வளர்க்கும் முறையையும் விளக்கிச் சொன்னார். தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்க வேண்டும், மறுபக்கம் குளிர்ச்சி. ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். முதல் கிழமை யாரும் தொடக் கூடாது, தொல்லை கொடுக்கக் கூடாது. பிறகு, உறைய வைத்த சுண்டெலி ஒன்றை உருக வைத்து, இளஞ்சூடாக்கிக் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தொல்லை கொடுக்கக் கூடாது என்பதையும் விளங்கிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். புதிதாக வந்தவரை வரவேற்பது தொல்லையென்று எங்கள் சனத்தில் யார் நினைப்பார்கள்?

நாங்கள் வரவேற்றோம். கண்ணாடித் தொட்டியை முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தோம். நான் பலகையில் அதற்கொரு வீடு செய்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்றாலும் தச்சுவேலை எனக்குக் கொஞ்சம் கைவரும். விசாலமான வீடு, இரண்டு பக்கமும் யன்னல். பாம்புக்கு யன்னல் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். காற்றோட்டத்துக்கு என்றேன்.

பெரியம்மாவுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட மரியாதை கூட. பாம்பு என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்ல மாட்டார். “அவர்” என்றுதான் சொல்வார். “அவர் எழும்பிட்டாரோ? அவருக்குக் குளிருதோ தெரியேல்லை” என்று தொலைபேசியில் அவர் கதைப்பதைக் கேட்டு, பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருந்த அவருடைய சிநேகிதி, “உங்கடை வீட்டிலை வாடகைக்கு ஆர் புதிசாய் வந்திருக்கினம்?” என்று கேட்டாராம். விஷயம் தெரிந்ததும் அந்தச் சிநேகிதிதான் முதலில் வந்தார். பிறகு அவருக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் வந்தார்கள், வேலைக்குப் போகிற வழியில் வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்கு என்று ஒருவர் பால் கொண்டுவந்தார், இன்னொருவர் முட்டை. பெரியம்மா தண்ணீர்க் கிண்ணத்தில் பாலை நிரப்பி, முட்டையைப் பக்கத்தில் வைத்து, அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை காட்டினார். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினார்கள். யன்னல் வைத்த வீட்டின் யன்னலுக்குள்ளால் ஆளாளுக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். அவரோ தொட்டியின் மூலையில் நூல்பந்துபோலச் சுருண்டு, தலையை உள்ளுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தார். பால் திரைந்து புளித்தது.

முதல் கிழமை முடிந்து சுண்டெலி வைத்தோம். திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த முறையும் அப்படியே. அந்த எலிப் பொட்டலத்துக்காகவே நான் கொட்டிலுக்குள் ஒரு பழைய சின்னப் பிரிட்ஜ் வாங்கி வைத்திருந்தேன். தன் நெத்தலிக்குப் பக்கத்தில் எலி இருக்கக் கூடாது என்பது என் மனைவியின் ஒரே கட்டளை. பெரியம்மா தொட்டிக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கெஞ்சுகிற அதே குரலில், “ஒரு வாய், ஒரே ஒரு வாய் ராசா” என்று கெஞ்சினார். பிறகு அந்தப் பார்வையையும் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை.

“என்ர கையாலை சாப்பிடாமல் ஒரு சீவன் இந்த வீட்டிலை கிடக்குது” என்று அவர் என் மனைவியிடம் சொல்லிக் குறைப்பட்டார்.

“நாகதம்பிரான் சைவமாக்கும். மாமிசம் எண்டு உங்கடை கையிலை வாங்கேல்லையோ என்னவோ” என்றாள் மனைவி.

“பகிடி விடாதை. பிள்ளையின்ரை முகத்தைப் பார்.”

மகளின் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. தபால்காரரின் கூட்டாளி தொலைபேசி எடுத்து, வருகிற சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் எங்களோடு கதைப்பதையும் நிறுத்திவிட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்து வீட்டுப் பாடம் செய்வாள். ஒரு பின்னேரம் தன் இடியப்பத்தைத் தொடாமல் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“சாப்பிடு பிள்ளை” என்றேன்.

“அவர் சாப்பிடேல்லை. எனக்கும் பசிக்கேல்லை, அப்பா.”

“சாப்பிடாட்டில் எப்பிடி?” என்று நான் தொடங்க, என் மனைவி ஒரு பக்கம், வந்திருந்த இரண்டு பேர் இன்னொரு பக்கம், எல்லோரும் சேர்ந்து அவளைச் சாப்பிடச் சொன்னோம். ஒருவர் சம்பலை நீட்டினார், ஒருவர் சொதியை ஊற்றினார். நான்கு பக்கத்தாலும் முகங்கள். பிள்ளை தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி, கதிரைக்குள் சுருண்டாள்.

பெரியம்மா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பிறகு முன்னறையில் இருந்த தொட்டியைப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார். பிறகு, “எல்லாரும் எழும்புங்கோ” என்றார்.

“என்ன அக்கா?” என்று மனைவி திகைத்தாள்.

“எழும்பி அங்காலை போங்கோ எண்டிறன். பிள்ளையைத் தனிய விடுங்கோ.”

வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி எழும்பினார்கள். பெரியம்மா குசினிக் கதவைச் சாத்தி, வெளியே நடையில் எங்களோடு வந்து நின்றுகொண்டார். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“நான் வந்த புதிசிலை நீங்கள் எல்லாரும் என்னைப் பாக்க வந்தனீங்கள், என்ன? பாவம், நல்ல மனத்தோடைதான் வந்தனீங்கள். ஒரு சோத்து உருண்டையை வாயிலை வைக்க, ஆறு பேர் வாயைப் பாத்துக்கொண்டு இருப்பியள். ஊரிலை என்ன பாடு, ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு கேப்பியள். எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்கேல்லை. சாப்பிட்டனான் எண்டு பொய் சொல்லிப்போட்டு எழும்பி விடுவன்.”

“பிறகு?” என்றேன்.

“பிறகு ஒரு நாள் நீங்கள் கலியாணவீட்டுக்குப் போனியள். வீட்டிலை ஒருத்தரும் இல்லை. நான் அந்தச் சின்ன அறைக்குள்ளை பானையைக் கொண்டு போனன். கதவைச் சாத்தினன். பழஞ்சோறும் மாங்காய் ஊறுகாயும். முழுப் பானையையும் முடிச்சுப்போட்டன், தம்பி!”

அந்தப் பானை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கலியாணவீட்டால் திரும்பி வந்து, சோற்றுப் பானை வெறுமையாக இருப்பதைப் பார்த்து, மாடி அறையொன்றில் எங்களிடம் வாடகைக்கு இருந்த பொடியன்தான் தின்றுவிட்டான் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். அவர் ஏன் வெளிச்சமான அறையை விட்டுச் சின்ன அறைக்குப் போனார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடுகிற அறை. அவருக்கு அதுதான் தைரியமாக இருந்திருக்கிறது.

கதவைத் திறந்தபோது மகளின் கோப்பை வெறுமையாக இருந்தது. சம்பல்கூட மிச்சமில்லை.

அன்றைக்கே பெரியம்மா தன் அறையை அவருக்குக் கொடுத்தார். ஆமாம், பாம்பு என்று வாயால் சொல்லவும் பயந்தவர், தன் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டு, அந்த இடத்தில் தொட்டியை வைக்கச் சொன்னார். தான் மகளோடு படுத்துக்கொள்வதாகச் சொன்னார். பாலையும் முட்டையையும் எடுத்தோம். பாம்புக்குப் பால் செரிக்காது, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும் என்று மகள் நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். கிண்ணத்தைக் கழுவி நல்ல தண்ணீர் வைத்தோம். சாம்பிராணி நின்றது. என் யன்னல் வீட்டைப் பெரியம்மா தூக்கி வெளியே வைத்தார். “குறை நினையாதை தம்பி. இது வீடில்லை, மண்டபம்” என்றார். சாமான் அலுமாரியிலிருந்து ஒரு மார்ஜரின் பெட்டியை எடுத்து, மிச்சமிருந்ததை ஒரு கோப்பையில் வழித்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக அலசி என்னிடம் தந்தார். நான் வாசல் வெட்டி, விளிம்பை மழுக்கிக் கவிழ்த்து வைத்தேன். பெரியம்மா தன் பழைய நூல்சேலை ஒன்றை மடித்துத் தொட்டியின் மூன்று பக்கமும் மூடினார். நாங்கள் அறையை விட்டு வெளியேறுவதற்குள், மூலையில் கிடந்த தோடம்பழ நிறக் கயிறு மெல்ல அவிழ்ந்து, பெட்டி வாசலைத் தேடி உள்ளே போனது. உடம்பு நான்கு பக்கமும் பெட்டியில் பட்டுக்கொண்டிருக்க, தலையை மட்டும் வாசலில் வைத்து வெளியே பார்த்தது. அது வந்த நாளிலிருந்து அன்றுதான் நான் அதன் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

அடுத்து வந்த நாட்களில் பெரியம்மா செய்த வேலை, எங்கள் சனத்தில் யாரும் செய்யத் துணியாதது. வீடு தேடி வந்தவர்களை, அவரைப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பினார். பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும், படியின் அடியில் ஒரு மடக்குக் கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். அடுத்த தெருவில் இருந்த தமிழ்நாட்டு டாக்டரம்மா, “ஒரு நிமிஷம்தாங்க, எட்டிப் பாத்துட்டு ஓடிடறேன்” என்றார். “டாக்டர், உங்கடை நோயாளி நித்திரை கொள்ளேக்கை ஊர்ச்சனம் வந்து எட்டிப் பாத்தால் விடுவீங்களோ?” என்று பெரியம்மா கேட்டார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குசினியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைக்கு முந்திய நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், கடைசி முறையாகச் சாப்பாடு வைப்பது என்று முடிவு. “வெள்ளிக்கிழமை, வீட்டிலை எலியோ?” என்று மனைவி தயங்கினாள். “விரதம் எங்களுக்கு. அவருக்கு எந்தக் கோயில்?” என்றார் பெரியம்மா. மகள் சுண்டெலியை உருக வைத்து, சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்கி, ஈரம் துடைத்து, நீண்ட இடுக்கியால் பெட்டி வாசலுக்கு முன்னால் வைத்தாள். தொட்டியின் நாலாவது பக்கத்துக்கும் சேலையை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்தாள். அவள் கடைசிப் படியில் கால் வைக்க, வாசல் மணி அடித்தது.

நோர்பரியில் இருந்து பெரியம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணை. மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு போத்தல் பால். ரயில் மாறி மாறி வந்திருக்கிறார்கள். கோபம் வந்தால் வருடக்கணக்கில் கதைக்காமல் இருக்கக் கூடியவர் அந்த அண்ணை. அவருடைய குரலோ வீட்டுக்கு வெளியே நின்றாலும் மாடிக்குக் கேட்கும்.

“எங்கை உங்கடை நாகதம்பிரான்? மேலையோ?” என்று அவர் படியில் கால் வைத்தார்.

பெரியம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. “அண்ணை, மேலை போகேலாது.”

“என்ன?”

“அவர் சாப்பிடுற நேரம்.”

“பாக்க வந்த என்னை வாசல்லை நிப்பாட்டிறியோ? என்னையோ?”

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் படியின் கைபிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“வாசல்லை இல்லை அண்ணை, குசினியிலை” என்றார் பெரியம்மா மெதுவாக. “வடை சுட்டு வைச்சிருக்கிறன். பிள்ளையின்ரை சீவன் மேலை இருக்குது. அது ஒரு வாய் சாப்பிடாட்டில் நாளைக்குக் கொண்டுபோயிடுவினம். நீங்கள் பிறகு என்னோடை கோவிக்கலாம். இப்ப மட்டும் மெல்லமாய்க் கதையுங்கோ.”

அண்ணை என் மகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது. அவர் படியிலிருந்து காலை எடுத்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக என்றுதான் நினைக்கிறேன், இரகசியம் பேசினார். “உழுந்து வடையோ, கடலை வடையோ?”

“கடலை.”

“அப்ப சரி.”

பிறகு எங்கள் குசினியில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பிள்ளைகளே. ஒன்பது பேர், யாழ்ப்பாணத்துச் சனம், ஒரு சத்தமும் இல்லை. வடை மொறுமொறுக்கிற சத்தம் கேட்டுவிடும் என்று அண்ணை வடையைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டார். பால் போத்தலை என்ன செய்வது என்று சைகையில் கேட்டார். பெரியம்மா அதைத் தேத்தண்ணிக்கு ஊற்றினார். சின்னவன் ஒருவனுக்கு விக்கல் எடுக்க, அவனுடைய தாய் தன் சேலைத் தலைப்பால் அவன் வாயைப் பொத்தினாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் சிரிப்பு பொங்கிவிட்டது. சத்தம் போடாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் கண்டேன். தோள்கள் குலுங்கின, கண்ணால் தண்ணீர் வந்தது.

கனநேரம் கழித்து, “போய்ப் பார்” என்று பெரியம்மா மகளுக்குத் தலையசைத்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவள் ஏறினாள். நாங்கள் மேலே பார்த்தபடி நின்றோம். கதவு திறக்கும் சத்தம். பிறகு, பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத என் பிள்ளை, தெருமுனைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

“அப்பா! பெரியம்மா! சாப்பிட்டிட்டார்! வால்கூட மிச்சமில்லை!”

“மெல்ல, மெல்ல!” என்று அண்ணை ஊரே கேட்கக் கத்தினார்.

அடுத்த நாள் தபால்காரரின் கூட்டாளி வந்தார். பெரியம்மா அவரையும் படியில் மறித்தார். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொந்தரவு செய்யக் கூடாது என்று மகள் தன் வாயாலேயே ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்த மனிதர் கதவை ஒரு விரல் அகலம் திறந்து, சேலையையும் பெட்டியையும், பெட்டிக்குள் வீங்கிய வயிற்றோடு கிடந்தவரையும் பார்த்தார். நல்ல இடம் என்று மட்டும் சொன்னார். வடை தின்றுவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் குடியிருந்தவர் எங்களோடு இருபது வருடத்துக்குக் கிட்ட இருந்தார். ஓர் ஆளின் கை நீளத்துக்கும் மேலே வளர்ந்தார். பெட்டியும் பிறகு பெரிதாகிக்கொண்டே போனது. மார்ஜரின் பெட்டியிலிருந்து ஐஸ்கிரீம் பெட்டி, அதிலிருந்து சப்பாத்துப் பெட்டி. ஆனால் முதல் பெட்டியை மகள் எறிய விடவில்லை. பெரியம்மா பிறகு பார்க்கிங் ஊரில் தனக்கென்று ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டிலும் அவர் படுப்பது ஆகச் சின்ன அறையில்தான்.

வாளியின்மேல் இருந்து இவ்வளவையும் நினைத்தபோது, மேல் மாடி யன்னலால் குழந்தையின் அழுகை கேட்டது. இரண்டு நாளாகக் குழந்தை பால் குடிக்க மறுத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டிலடியில் நின்று ஒவ்வொரு யோசனை சொல்ல, நடுவில் மகள் தோளை ஒடுக்கிக்கொண்டு இருந்தாள். அந்த இருப்பை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

கதிரைகளைத் திரும்பவும் சுவரோடு சாத்தினேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுகையில் மார்ஜரின் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தேன். காலை பஸ்ஸில் வந்திருந்த பெரியம்மா குசினியில் நின்றார்.

“ஒரு கதிரைதானோ தம்பி? சனமெல்லோ வரப்போகுது.”

“ஒண்டு போதும், மச்சாள்.”

கதிரையைப் படியின் அடியில் விரித்து வைத்தேன். பெட்டியைக் கைபிடித் தூணின்மேல் கவிழ்த்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். இப்போது முழங்கால் முன்போல மடங்குவதில்லை. கைபிடியைப் பிடித்துத்தான் இருந்தார்.

“கடலைப்பருப்பு ஊறப் போட்டாச்சோ?” என்று மட்டும் கேட்டார்.

வாசல் மணி அடித்தது.